சட்டக் கல்லூரியில் சேரும் முன், படிப்பு முடிந்த பிறகு வரும் நாலு வருடத்தை யோசியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததிலிருந்து உங்கள் வேலூர் பதிப்பில் சட்டப் படிப்பு பற்றித் தொடர்ந்து செய்திகள் வருகின்றன. எப்போது விண்ணப்பம், எங்கே விண்ணப்பிப்பது, கடைசித் தேதி என்ன என்று எல்லாம் சரியாகவே போடுகிறீர்கள். அதைப் படித்துவிட்டு குடியாத்தம், கே.வி.குப்பம், பேரணாம்பட்டு பக்கத்திலிருந்து அப்பா அம்மாக்கள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு என்னைப் போன்ற வக்கீல்களிடம் வருகிறார்கள். பெரும்பாலும் கேட்பது ஒரே கேள்வி: "சார், சீட் கிடைக்குமா?" கிடைத்துவிடும், இந்தக் கல்லூரியில் இல்லாவிட்டால் இன்னொன்றில். படித்து முடித்த பிறகு என்ன ஆகும் என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. அதை எழுதத்தான் இந்தக் கடிதம். நீளமாகத்தான் இருக்கும், முடிந்தவரை வெட்டாமல் போடுங்கள்.

முதலில் பணத்தைப் பேசிவிடுவோம், ஏனென்றால் அதைப் பேசத்தான் எங்கள் தொழிலில் எல்லோரும் கூச்சப்படுகிறோம். பிளஸ் டூ முடித்து ஐந்து வருடம், அல்லது ஏதாவது ஒரு டிகிரி முடித்து மூன்று வருடம். வெளியே வரும்போது 22, 23 வயது ஆகியிருக்கும், மூன்று வருடப் படிப்பென்றால் இன்னும் கூட. உங்களோடு பள்ளியில் படித்தவர்கள் அப்போது சம்பளம் வாங்கி வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருப்பார்கள். நீங்கள் அப்போதுதான் ஒரு சீனியரைத் தேடிப் பிடித்து அவர் ஆபீசில் ஜூனியராகச் சேர்வீர்கள். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாதிரி ஊர்களில் பல ஆபீஸ்களில் முதல் வருடம் ஜூனியர் கையில் நிற்பது பஸ் காசும் மதியச் சாப்பாட்டுக் காசும்தான். சில சீனியர்கள் மனசு வைத்து மாதம் ஒரு தொகை கொடுப்பார்கள், அது ஒரு ஆள் ரூம் வாடகை கொடுத்துச் சாப்பிடப் போதாது. இது சீனியர்கள் எல்லோரும் கெட்டவர்கள் என்பதால் அல்ல. மாவட்ட நீதிமன்றத்தில் பல சீனியர்களுக்கே மாத வருமானம் நிலையாக இல்லை, ஒரு மாதம் வரும், அடுத்த இரண்டு மாதம் வழக்கு கொடுத்த கட்சிக்காரர் போனை எடுக்க மாட்டார். ஆனாலும் காலை ஒன்பது மணியிலிருந்து இரவு ஒன்பது வரை ஒரு பையனையோ பெண்ணையோ வேலை வாங்கிவிட்டு "கத்துக்கிறான் இல்ல" என்று சொல்வது சரியில்லை என்பதே என் கருத்து.

2024 ஜூன் மாதம் சென்னை உயர் நீதிமன்றமே இதைப் பேசியது. சென்னை, மதுரை, கோவையில் ஜூனியர்களுக்கு மாதம் 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்சம் கொடுக்கச் சொல்லி சுற்றறிக்கை அனுப்புமாறு, வக்கீல்களைப் பதிவு செய்து நெறிப்படுத்தும் தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. அதே வருடம் அக்டோபரில் இந்திய பார் கவுன்சிலும் நகரத்தில் 20,000, கிராமப்புறத்தில் 15,000 என்று பரிந்துரை செய்தது. பரிந்துரைதான், கட்டாயம் கிடையாது. அந்தத் தொகையை இந்த மூன்று மாவட்டத்தில் முதல் வருட ஜூனியருக்குக் கொடுக்கிற ஆபீஸ் இருந்தால் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம், நான் பார்த்த வட்டத்தில் அப்படி ஒன்று இல்லை.

எனவே விண்ணப்பம் போடும் முன் வீட்டில் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம் கல்லூரிக் கட்டணம் அல்ல. அரசு சட்டக் கல்லூரியில் கட்டணம் மிகக் குறைவு, வருடத்துக்கு சில ஆயிரங்களுக்குள் முடிந்துவிடும். பேச வேண்டியது, படிப்பு முடிந்து மூன்று நாலு வருடம் இந்தப் பிள்ளை சம்பாதிக்காவிட்டால் வீடு தாங்குமா என்பதுதான். தங்கை கல்யாணம், தம்பி படிப்பு, வீட்டுக் கடன் எல்லாம் எந்த வருடத்தில் வந்து நிற்கும்? தோல் ஷெட்டிலும் ஷூ கம்பெனியிலும் பீடிக் கட்டிலும் உழைத்துப் பிள்ளையைப் படிக்க வைக்கிற குடும்பங்கள் இங்கே நிறைய. அவர்கள் "ஐந்து வருடம் பல்லைக் கடித்துக்கொள்வோம், அப்புறம் அவன் பார்த்துக்கொள்வான்" என்று கணக்குப் போடுகிறார்கள். அந்தக் கணக்கு எட்டு ஒன்பது வருடம் என்று முன்பே தெரிந்தால் அதற்கேற்ற ஏற்பாடு செய்ய முடியும், தெரியாமல் போனால் இரண்டாவது வருடத்திலேயே கருப்புக் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு ஏதாவது ஒரு கம்பெனியில் கலெக்‌ஷன் வேலைக்குப் போக வேண்டியிருக்கும். அப்படிப் போன நல்ல மூளைக்காரர்களை எனக்குத் தெரியும், அவர்கள் யாரும் திறமை இல்லாமல் போகவில்லை.

அடுத்து, "எல்.எல்.பி. முடிச்சா நேரா எக்ஸாம் எழுதி ஜட்ஜ் ஆயிடலாம்" என்று பிள்ளைகளிடம் யாரோ சொல்லிவைத்திருக்கிறார்கள். முன்பு அப்படி ஒரு வழி இருந்தது உண்மை. 2025 மே 20-ம் தேதி உச்ச நீதிமன்றம் அகில இந்திய நீதிபதிகள் சங்க வழக்கில் கொடுத்த தீர்ப்பில், சிவில் நீதிபதி தேர்வு எழுத குறைந்தது மூன்று வருடம் வக்கீலாகத் தொழில் செய்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையைத் திரும்பக் கொண்டுவந்தது. பார் கவுன்சிலில் தற்காலிகமாகப் பதிவு செய்த நாளிலிருந்தே அந்த மூன்று வருடத்தை எண்ணிக்கொள்ளலாம், நீதிபதியிடம் சட்ட எழுத்தராக வேலை செய்த காலமும் சேரும் என்றது. பெண் பிள்ளைகளைப் பெற்றவர்கள் பலர் "ப்ராக்டிஸ் எல்லாம் வேண்டாம், ஜட்ஜ் எக்ஸாம் மட்டும் எழுதட்டும்" என்று நினைத்துத்தான் சேர்க்கிறார்கள். அவர்களுக்கு இது முதலிலேயே தெரிய வேண்டும். அரசு உதவி வழக்கறிஞர் தேர்வுக்கு இன்னும் கூடுதலாக, ஐந்து வருடம் குற்றவியல் நீதிமன்றத்தில் தொழில் செய்திருக்க வேண்டும். நோட்டரி ஆக பத்து வருடம், பெண்களுக்கும் எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி. பிரிவினருக்கும் ஏழு வருடம். வங்கியில் சட்ட அதிகாரி வேலைக்கு பட்டம் மட்டும் போதாது, பார் கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். ஆக எந்தப் பக்கம் சுற்றினாலும் கோர்ட் வாசலை மிதிக்காமல் போக வழி குறைவு.

பதிவு என்றதும் இன்னொன்று. பட்டம் வாங்கியவுடன் நீங்கள் வக்கீல் ஆகிவிடுவதில்லை. 1961-ம் வருட வழக்கறிஞர்கள் சட்டப்படி மாநில பார் கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும், நமக்கு அது சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கிறது. இதற்கு முன் பல மாநிலங்களில் பதிவுக்கு 15,000-க்கு மேல், சில இடத்தில் 40,000 ரூபாய்க்கு மேல்கூட வாங்கிக்கொண்டிருந்தார்கள். 2024 ஜூலை 30-ல் உச்ச நீதிமன்றம், சட்டத்தில் சொன்ன தொகைக்கு மேல் வாங்கக்கூடாது, பொதுப் பிரிவுக்கு 750 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி. பிரிவுக்கு 125 ரூபாய், அவ்வளவுதான் என்று தீர்ப்பளித்தது. ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று அந்தப் பணத்துக்காகக் கம்மல் அடகு வைத்த வீடுகளுக்குத் தெரியும். பதிவு செய்த பிறகு இரண்டு வருடத்துக்குள் அகில இந்திய பார் தேர்வில் தேற வேண்டும். 100 கேள்வி, தவறான விடைக்கு மார்க் குறைக்க மாட்டார்கள், குறிப்பு எழுதாத சட்டப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டே எழுதலாம். பொதுப் பிரிவுக்கும் ஓ.பி.சி.க்கும் 45 சதவீதம், எஸ்.சி., எஸ்.டி.க்கு 40 சதவீதம் வேண்டும். கல்லூரியில் ஒழுங்காகப் படித்தவருக்கு இது பெரிய மலை இல்லை. கைடு மட்டும் படித்து பாஸ் ஆனவர்கள்தான் தடுமாறுகிறார்கள், ஏனென்றால் எந்தச் சட்டத்தில் எந்தப் பக்கத்தைத் திருப்புவது என்றே அவர்களுக்குத் தெரிவதில்லை.

சரி, எந்தக் கல்லூரி? நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு முதலில் தெரிய வேண்டியது, 2008-லிருந்து வேலூருக்கே ஒரு அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது, காட்பாடியில். அரக்கோணம், சோளிங்கர் பக்கத்தில் இருப்பவர்களுக்கு, சென்னை சட்டக் கல்லூரியை 2018-ல் இரண்டாகப் பிரித்தபோது வந்த பட்டரைப்பெரும்புதூர் கல்லூரி எட்டும் தூரம். திருப்பத்தூர், ஊத்தங்கரை பக்கத்தினருக்கு தர்மபுரியிலும் சேலத்திலும் இருக்கிறது. இவை எல்லாம் தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருபவை, நுழைவுத் தேர்வு கிடையாது, ஐந்து வருடப் படிப்புக்கு பிளஸ் டூ மார்க், மூன்று வருடப் படிப்புக்கு டிகிரி மார்க். அந்தப் பல்கலைக்கழகமே சென்னையில் நடத்தும் சீர்மிகு சட்டப் பள்ளிக்கு மார்க் அதிகம் வேண்டும், கட்டணமும் அதிகம். திருச்சியில் இருக்கும் தேசிய சட்டப் பல்கலைக்கழகத்துக்கு கிளாட் என்ற அகில இந்திய நுழைவுத் தேர்வு எழுத வேண்டும், 120 கேள்வி, இரண்டு மணி நேரம், ஒவ்வொரு தப்பு விடைக்கும் கால் மார்க் போகும், முழுக்க ஆங்கிலம். பெரும்பாலும் டிசம்பர் மாதமே நடந்துவிடுகிறது. மே மாதம் பிளஸ் டூ ரிசல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு "கிளாட் எழுதலாமா சார்" என்று கேட்கிறார்கள், அதற்குள் அந்த வருடத்துத் தேர்வு முடிந்து போயிருக்கிறது. பதினொன்றாம் வகுப்பு முடியும்போதே யாராவது சொல்ல வேண்டும், அரசுப் பள்ளி ஆசிரியர்கள் இதைச் சொன்னால் பெரிய உதவி.

அரசுப் பள்ளி என்றதும் சொல்ல வேண்டியது. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத் தொழிற்கல்வியில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு என்று 2021-ல் வந்த சட்டம் இன்ஜினியரிங்குக்கு மட்டும் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சட்டப் படிப்புக்கும் உண்டு. பள்ளியில் படித்த சான்றிதழை ஒவ்வொரு பள்ளியிலும் இப்போதே வாங்கி வையுங்கள், இரண்டு மூன்று பள்ளி மாறிப் படித்த பிள்ளைகள் கடைசி நாளில் தலைமையாசிரியரைத் தேடி அலைவதை வருடாவருடம் பார்க்கிறேன். அரசுப் பள்ளியில் படித்து வந்தவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுக்கும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களையும் விட்டுவிடாதீர்கள், பஸ் செலவுக்கும் புத்தகத்துக்கும் ஆகும்.

மூன்று வருடப் படிப்புக்கு வருபவர்களிடம் ஒரு எச்சரிக்கை. பத்தாவது, பிளஸ் டூ முறைப்படி முடித்து, பிறகு டிகிரியைத் தபால் வழியில் படித்திருந்தால் பிரச்சினை இல்லை. பத்தாவது, பிளஸ் டூ இல்லாமல் நேரடியாகத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் டிகிரி வாங்கியவர்கள் இந்திய பார் கவுன்சில் விதிப்படி சட்டம் படிக்கத் தகுதி பெற மாட்டார்கள். இதை மறைத்து எப்படியாவது ஒரு கல்லூரியில் சேர்த்துவிடுகிறேன் என்று சொல்லும் ஆள்கள் இருக்கிறார்கள். மூன்று வருடமும் பணமும் போன பிறகு பதிவுக்குப் போய் நிற்கும்போதுதான் உண்மை தெரியும்.

இங்கே கொஞ்சம் நிறுத்திப் பேச வேண்டும். நம் மாவட்டம் ஆந்திர எல்லையில் இருக்கிறது, கர்நாடகமும் தூரமில்லை. "காலேஜுக்கே போக வேண்டாம், பரீட்சைக்கு மட்டும் போனால் போதும், அட்டெண்டன்ஸ் நாங்க பார்த்துக்கிறோம்" என்று புரோக்கர்கள் பிடித்துக்கொண்டு போகிறார்கள். எல்லை தாண்டிப் படிப்பது தப்பில்லை, அங்கேயும் நல்ல கல்லூரிகள் இருக்கின்றன. வகுப்புக்குப் போகாமல் வாங்கும் பட்டம்தான் தப்பு. இந்திய பார் கவுன்சிலின் 2008-ம் வருட விதிகள் ஒவ்வொரு பாடத்திலும் 70 சதவீத வருகை கேட்கின்றன. 2024-ல் விரல் ரேகைப் பதிவு வைக்கச் சொல்லியும் சுற்றறிக்கை வந்தது. சென்னை உயர் நீதிமன்றம் வகுப்பே இல்லாமல் பெயரளவுக்கு நடக்கும் இந்த லெட்டர் பேட் கல்லூரிப் பட்டங்களைப் பற்றிப் பலமுறை கடுமையாகப் பேசியிருக்கிறது. விதி இருக்கட்டும், நான் சொல்ல வருவது வேறு. அப்படி வந்தவர் ஒரு ஜாமீன் மனுவைக்கூட எழுதத் தெரியாமல் கோர்ட்டில் நிற்கும்போது, உள்ளே இருப்பது அவர் கட்சிக்காரர். யாரோ ஒரு அம்மாவின் மகன். காசு கொடுத்து வாங்கிய பட்டத்துக்கு அந்தப் பையன் கூடுதலாகப் பத்து நாள் சிறையில் இருக்கிறான். இதை நான் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

வேலையில் இருந்துகொண்டே படிக்க நினைப்பவர்களும் நிறைய. போலீசில் இருப்பவர்கள், ஆசிரியர்கள், தாலுகா ஆபீசில் இருப்பவர்கள் எல்லாம் கேட்கிறார்கள். மாலைக் கல்லூரி, தபால் வழி எல்.எல்.பி. எதுவும் கிடையாது, தினமும் போக வேண்டிய முழுநேரப் படிப்பு. படித்து முடித்தாலும் முழுநேரச் சம்பள வேலையில் இருக்கிறவரை வக்கீலாகத் தொழில் செய்ய முடியாது. ஓய்வு பெற்ற பிறகு படிக்கலாமா என்றால், தாராளமாகப் படிக்கலாம், எங்கள் பாரில் அப்படி வந்து நன்றாகச் செய்பவர்கள் உண்டு. அவர்களுக்கு பென்ஷன் இருக்கிறது, நான் மேலே சொன்ன நாலு வருடப் பயம் இல்லை.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள். இந்திய பார் கவுன்சில் அங்கீகாரம் எந்த வருடம் வரை இருக்கிறது என்று கேளுங்கள், ஒருமுறை கொடுத்தால் காலத்துக்கும் செல்லும் என்பதில்லை, புதுப்பிக்க வேண்டும். 2025 ஆகஸ்டில் புதிய சட்டக் கல்லூரிகளுக்கு மூன்று வருடத் தடையே போட்டார்கள், கல்வித் தரம் இறங்கிவிட்டது என்பதுதான் அவர்கள் சொன்ன காரணம். அப்புறம் அங்கே மூன்றாம் வருடம், நாலாம் வருடம் படிக்கும் பிள்ளைகளிடம் தனியாகப் பேசுங்கள். வகுப்பு உண்மையில் நடக்கிறதா, மாணவர்கள் வாதாடிப் பழகும் மூட் கோர்ட் நடக்கிறதா அல்லது ரெக்கார்டு நோட்டை மட்டும் பார்த்து எழுதிக் கையெழுத்து வாங்குகிறார்களா, நூலகம் எத்தனை மணி வரை திறந்திருக்கும், நிரந்தர ஆசிரியர் எத்தனை பேர். விதிப்படி ஐந்து வருடப் படிப்பில் 20 வாரமும் மூன்று வருடப் படிப்பில் 12 வாரமும் இன்டர்ன்ஷிப் செய்ய வேண்டும். அதை எங்கே, யாரிடம் செய்கிறார்கள் என்று கேளுங்கள். பலர் ஒரு வக்கீலிடம் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். அந்தக் கையெழுத்தைப் போடும் எங்கள் ஆட்களையும் சேர்த்துத்தான் குறை சொல்கிறேன். அந்த 20 வாரத்தை உண்மையாகச் செய்தவர்தான் படிப்பு முடிந்ததும் சீனியர் தேடி அலைய வேண்டியதில்லாதவர், ஏனென்றால் அதற்குள் யாராவது ஒரு சீனியர் அவரைப் பார்த்து வைத்திருப்பார்.

மொழி விஷயத்தில் பிள்ளைகள் ரொம்பப் பயப்படுகிறார்கள். தமிழ் மீடியத்தில் படித்தவர்கள் சட்டம் படிக்க முடியாது என்பது பொய். அரசு சட்டக் கல்லூரித் தேர்வைத் தமிழில் எழுதலாம். கீழமை நீதிமன்றங்களில் வாதாடுவது, சாட்சியம் பதிவு செய்வது, பிராது, எதிர்வழக்குரை எல்லாம் தமிழில் நடக்கிறது, நடக்க வேண்டும் என்பதுதான் சட்டமும். சாட்சிக் கூண்டில் நிற்கும் லத்தேரி விவசாயியைக் குறுக்கு விசாரணை செய்ய அவர் பேச்சு புரிய வேண்டும், கான்வென்ட் இங்கிலீஷ் அங்கே எடுபடாது. ஆனால் பாதி உண்மையைச் சொல்லி உங்களைச் சேர்க்க எனக்கு விருப்பமில்லை. உயர் நீதிமன்றம் ஆங்கிலத்தில்தான் நடக்கிறது. தமிழ்நாடு சட்டமன்றம் 2006-லேயே தீர்மானம் போட்டும் தமிழ் அங்கே இன்னும் நுழையவில்லை, அது நியாயம் இல்லை. தீர்ப்புத் தொகுப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. சிவில் நீதிபதி தேர்வில் மொழிபெயர்ப்புக்கே தனித் தாள் இருக்கிறது, தமிழிலிருந்து ஆங்கிலம், ஆங்கிலத்திலிருந்து தமிழ். ஆகவே தமிழில் தேர்வு எழுதுங்கள், ஆனால் முதல் வருடத்திலிருந்தே தினம் இரண்டு பக்கம் ஆங்கிலத் தீர்ப்பு படித்துப் பழகுங்கள். பேச வரவில்லை என்று வெட்கப்பட வேண்டாம், படித்தால் புரிகிற அளவு வந்துவிட்டால் மற்றது தானாக வரும்.

படிப்பு என்று சொன்னேன். இந்தத் தொழில் வாய்ச் சாமர்த்தியத்தில் ஓடுகிறது என்று வெளியே ஒரு எண்ணம் இருக்கிறது. "எங்க பையன் நல்லா பேசுவான், வக்கீலுக்குப் படிக்க வைக்கலாம்னு இருக்கோம்" என்பார்கள். நன்றாகப் பேசுவது நல்லதுதான், ஆனால் ஒரு நாளில் கோர்ட்டில் பேசும் நேரம் சில நிமிஷம், அதற்கு முன் வழக்குக் கட்டைப் பிரித்துப் படிப்பது பல மணி நேரம். 1950-களில் எழுதிய பாகப்பிரிவினைப் பத்திரத்தில் நாலு எல்லையும் என்ன, சர்வே நம்பர் எப்போது உட்பிரிவு ஆனது, பட்டா யார் பெயரில் மாறியது, வில்லங்கச் சான்றில் எந்த வருடம் விடுபட்டிருக்கிறது, இதைத்தான் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பீர்கள். நெடுஞ்சாலை நம் ஊர் வழியாகப் போவதால் வாகன விபத்து நஷ்டஈட்டு வழக்கு நிறைய, அதில் மருத்துவச் சீட்டு, சம்பளச் சான்று, இன்ஷூரன்ஸ் பாலிசி எல்லாம் வரி வரியாகப் படிக்க வேண்டும். செக் திரும்பிய வழக்கில் நோட்டீஸ் அனுப்பிய தேதி தப்பினால் வழக்கே போய்விடும். படிக்கப் பொறுமை இல்லாதவருக்கு இது துன்பம், பிடித்தவருக்கு இதைவிடச் சுவையான வேலை கிடையாது. பழைய பத்திரம் ஒன்றில் யாரும் கவனிக்காத ஒரு வரியைக் கண்டுபிடிக்கும்போது வரும் சந்தோஷத்துக்காகவே இத்தனை வருடம் இருக்கிறேன்.

உங்களுக்கு அந்தப் பொறுமை இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி சொல்கிறேன். இந்தியா முழுக்க சட்டம் படிக்கும் ஒவ்வொரு மாணவரும் நம் ஊர் பெயரில் ஒரு வழக்கைப் படிக்கிறார், வேலூர் குடிமக்கள் நல மன்றம் எதிர் இந்திய ஒன்றியம். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பக்கத்துத் தோல் பதனிடும் ஷெட்டுகள் கழிவு நீரைச் சுத்தம் செய்யாமல் விட்டு பாலாறும் விவசாய நிலமும் கிணற்றுத் தண்ணீரும் கெட்டதற்கு எதிராகப் போட்ட வழக்கு. 1996 ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு கொடுத்தது. கெடுதல் வரும் முன்பே தடுக்க வேண்டும், மாசு செய்தவர்தான் ஈடும் கட்ட வேண்டும், சீரமைக்கும் செலவையும் ஏற்க வேண்டும் என்ற இரண்டு கொள்கைகளும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. சென்னை உயர் நீதிமன்றத்தில் இதற்கென்று பசுமை அமர்வு அமைக்கவும் சொன்னது. சம்பந்தப்பட்ட ஒவ்வொரு தொழிற்சாலையும் 10,000 ரூபாய் அபராதம் கட்ட வேண்டும் என்றது. 2025 ஜனவரியிலும் இதே தோல் கழிவு விவகாரத்தில் உச்ச நீதிமன்றம் மீண்டும் ஒரு நீண்ட தீர்ப்பு கொடுக்க வேண்டியிருந்தது என்றால், ஒரு தீர்ப்பு வாங்குவதும் அது நடைமுறைக்கு வருவதும் வேறு வேறு என்பது புரியும். இந்த 1996 தீர்ப்பு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முதல் பத்துப் பக்கம் படியுங்கள். பாதி புரியாது, பரவாயில்லை. அடுத்து என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை வருகிறதா என்பதை மட்டும் பாருங்கள்.

இன்னொன்றும் செய்யலாம். கோர்ட் எல்லோருக்கும் திறந்தது, சில வழக்குகள் தவிர யார் வேண்டுமானாலும் பின்னால் உட்கார்ந்து பார்க்கலாம். லீவு நாட்களில் சத்துவாச்சாரி கோர்ட் வளாகத்துக்கோ உங்கள் ஊர் முன்சீப் கோர்ட்டுக்கோ காலை பத்தரைக்கு வந்து, போனை அணைத்துவிட்டு ஒரு வாரம் உட்காருங்கள். சினிமாவில் பார்த்த மாதிரி ஒன்றும் நடக்காது. பெயர் கூப்பிடுவார்கள், வாய்தா கொடுப்பார்கள், அடுத்த கேஸ். இடையில் ஒரு சாட்சி விசாரணை வரும், அங்கே கவனியுங்கள். சீனியர் பின்னால் கட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஜூனியரைக் கவனியுங்கள், முதல் சில வருடம் நீங்கள் அவர்தான். வக்கீல் குமாஸ்தாக்களிடம் பேசிப் பாருங்கள், எந்த வக்கீல் கட்டைப் படித்துவிட்டு வருகிறார் என்று அவர்களுக்குத் தெரிவது போல் வேறு யாருக்கும் தெரியாது.

புத்தகம் வாங்கும்போது ஒரு கவனம் வேண்டும். அண்ணன் படித்த பழைய புத்தகத்தை வைத்துச் சமாளிக்கலாம் என்று நினைத்தால் குற்றவியலில் அது முடியாது. 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது, 511 பிரிவு இருந்தது 358 ஆனது, கொலைக்கு 302 என்று ஊரே சொல்லிக்கொண்டிருந்தது இப்போது 103. குற்றவியல் நடைமுறைச் சட்டமும் சாட்சியச் சட்டமும் அதே நாளில் மாறின. அந்தத் தேதிக்கு முன் நடந்த குற்றங்களுக்கு இன்னும் பழைய தண்டனைச் சட்டம்தான், அந்த வழக்குகள் பல வருடம் ஓடும், ஆகவே இரண்டும் தெரிய வேண்டும். கம்ப்யூட்டரும் தெரிய வேண்டும், வழக்கு தாக்கல் செய்வதே இ-பைலிங் ஆகிவிட்டது. தமிழில் வேகமாக டைப் அடிக்கத் தெரிந்த ஜூனியருக்கு எந்த ஆபீசிலும் இடம் உண்டு, இது நான் உறுதியாகச் சொல்லக்கூடியது.

பெண் பிள்ளைகளுக்கு. வராதீர்கள் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். ஆனால் சீனியரைத் தேர்ந்தெடுக்கும்போது அந்த ஆபீசில் ஏற்கெனவே பெண் ஜூனியர்கள் இருக்கிறார்களா, எத்தனை வருடமாக இருக்கிறார்கள், இருந்தவர்கள் ஏன் போனார்கள் என்று விசாரித்துவிட்டுச் சேருங்கள். பெண்களுக்கு வெறும் டைப்பிங்கும் வாய்தா வாங்குவதும் மட்டும் கொடுத்து, குறுக்கு விசாரணையைக் கண்ணிலே காட்டாத ஆபீஸ்கள் இருக்கின்றன. ஆறு மாதம் பார்த்துவிட்டு மாற்றிக்கொள்ள உங்களுக்கு உரிமை உண்டு, நன்றி கெட்டவள் என்று சொல்வார்களோ என்று யோசிக்காதீர்கள்.

வீட்டில் யாரும் வக்கீல் இல்லாத, முதல் தலைமுறைப் பிள்ளைகளுக்கு இன்னும் கஷ்டம். சில ஆபீஸ்களில் இடம் சொந்தத்துக்கும் சாதிக்கும் போகிறது, இதை மூடி மறைத்து என்ன ஆகப் போகிறது. அவர்கள், இலவச சட்ட உதவி தரும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை மறந்துவிடக் கூடாது. படிக்கும்போதே அங்கே சட்ட விழிப்புணர்வு முகாம்களில் தன்னார்வலராகச் சேரலாம். வழக்குகளைச் சமரசமாக முடிக்கும் லோக் அதாலத் நாளில் கூட இருந்தால் ஒரே நாளில் எத்தனை வகை வழக்கு, எத்தனை வகை மனிதர்கள் என்று பார்க்க முடியும், சீனியர்களின் அறிமுகமும் அங்கேதான் கிடைக்கும்.

ஒரு கூட்டத்தை மட்டும் நான் அழைக்கவில்லை. வண்டியில் ஒட்டும் ஸ்டிக்கருக்காக, போலீஸ் நிறுத்தினால் காட்டும் கார்டுக்காக, ரியல் எஸ்டேட் கட்டப்பஞ்சாயத்தில் கருப்புக் கோட்டு போட்டுப் போய் நிற்பதற்காக வருகிறவர்கள். உங்களால் மற்ற வக்கீல்களுக்கு வாடகைக்கு வீடு கிடைப்பதில்லை, வங்கியில் கடன் கிடைப்பதில்லை. தயவுசெய்து வேறு படிப்பு பாருங்கள்.

ஆசிரியர் அவர்களே, உங்களிடம் கேட்பது இதுதான். அடுத்த வருடம் விண்ணப்ப அறிவிப்பு வரும்போது, கடைசித் தேதிக்குப் பக்கத்திலேயே நீதிபதி தேர்வுக்கு மூன்று வருடத் தொழில் வேண்டும் என்பதையும், பதிவுக் கட்டணம் 750, 125 ரூபாய்தான் என்பதையும், 70 சதவீத வருகை விதியையும், 7.5 சதவீத ஒதுக்கீட்டையும் ஒரு பெட்டிச் செய்தியாகப் போடுங்கள். அதோடு வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், குடியாத்தம் பார் சங்கங்களின் நிர்வாகிகளிடம் உங்கள் நிருபரை அனுப்பி, உயர் நீதிமன்றம் சொன்ன 15,000 ரூபாயை ஜூனியர்களுக்கு யார் யார் கொடுக்கிறார்கள், கொடுக்க முடியாதவர்கள் எவ்வளவு கொடுக்கிறார்கள் என்று கேட்டுப் போடுங்கள். அப்படி ஒரு பட்டியல் வந்தால் எந்தச் சீனியரிடம் போவது என்று பிள்ளைகள் அவர்களே முடிவு செய்துகொள்வார்கள். என் ஆபீசையும் அந்தப் பட்டியலில் சேர்த்துக் கேளுங்கள், பதில் சொல்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வழக்கறிஞர்,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்.